மிளவன் ஏன் நொளங்கினான்?

தமிழ்நாட்டில் தமிழைவிட ஆங்கிலம் எளிது. நான் சொல்லவில்லை, அரசுத் தேர்வுகள் இயக்ககம் சொல்கிறது. 2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழில் தேறியவர்கள் 98.09 சதவீதம். ஆங்கிலத்தில் தேறியவர்கள் 99.46 சதவீதம். முந்தைய ஆண்டும் இதே கதைதான்: தமிழ் 96.85, ஆங்கிலம் 99.15. தாய்மொழி மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வருகிறது. ஷேக்ஸ்பியரின் மொழி எல்லைக்கோட்டைத் தாண்டி நின்று கையசைக்கிறது.

ஆயிரம் பேர் எழுதினால் ஆங்கிலத்தில் தவறுகிறவர்கள் ஐந்தாறு பேர். ஆங்கிலம் பிறந்த இங்கிலாந்தில் நிலவரம் இவ்வளவு சுகமில்லை. அங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில மொழித் தேர்வில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பிள்ளைகள் தேர்ச்சியாகக் கருதப்படும் நான்காம் தரத்தை எட்டுவதில்லை. எட்டாதவர்கள் மேற்படிப்பில் இருக்கும்வரை, பதினெட்டு வயது வரைக்கும், அதை மறுபடி படித்தாக வேண்டும். பாவம், வெள்ளைக்காரர்கள். வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், அடுப்படியில் ஆங்கிலம். இருந்தும் தேற முடியவில்லை. அவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு வித்தை நமக்குத் தெரிந்திருக்கிறது.

தெரியும். அந்த வித்தையை இப்போதே உங்களுக்கும் கற்றுத் தருகிறேன். கீழே ஒரு பத்தி. படித்து விடை எழுதுங்கள்.

"கடம்பூர்ச் சந்தையில் மிளவன் ஒருவன் இருந்தான். அவன் நாள்தோறும் மூன்று துவணைகளைக் கிறுவுவான். ஒருநாள் துவணைகள் சிணைத்துவிட்டதால் அவன் நொளங்கினான்."

மிளவன் எங்கே இருந்தான்? கடம்பூர்ச் சந்தையில். நாள்தோறும் எத்தனை துவணைகளைக் கிறுவுவான்? மூன்று. அவன் ஏன் நொளங்கினான்? துவணைகள் சிணைத்துவிட்டதால். பலே. முழு மதிப்பெண். மிளவன் மனிதனா, மாடா, மாவட்டச் செயலாளரா? எனக்கும் தெரியாது. அந்தச் சொற்களை இப்போதுதான் உண்டாக்கினேன். துவணை சிணைத்தால் நட்டம் யாருக்கு, நொளங்கியவன் பிழைத்தானா, ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவற்றில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் மூன்று கேள்விக்கும் சரியாக விடை எழுதிவிட்டீர்கள். இதைத்தான் நம் உயர்நிலைப் பள்ளிகளில் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் என்று அழைக்கிறோம். ஜனவரி தொடங்கி மார்ச் வரை, காலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துப் பயிற்சி தருகிறோம்.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையை வேண்டுமானாலும் கேளுங்கள். கடகடவென்று ஒப்பிக்கும். "பாசேஜைப் படிக்காதே, டைம் வேஸ்ட். நேரா கேள்விக்குப் போ. கேள்வியில பெரிய வார்த்தை எதுன்னு பாரு. அதே வார்த்தை பாசேஜில எங்க இருக்குன்னு தேடு. கண்டுபிடிச்சியா? அந்த லைனை அப்படியே எழுது. டவுட்டா இருந்தா முன்னாடி ஒரு லைன், பின்னாடி ஒரு லைன் சேர்த்து எழுது." வாசிப்புப் பயிற்சியின் முதல் விதி: வாசிக்காதே. இதைச் சொல்லித்தர ஒரு பி.எட்., அதைச் சரிபார்க்க ஒரு தலைமையாசிரியர், அவரை மேற்பார்க்க ஒரு மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் ஒரு முதன்மைக் கல்வி அலுவலர், எல்லோருக்கும் மேலே ஓர் இயக்குநர். எல்லோருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம். பணம் நம்முடையது.

சரி, பத்தி போகட்டும், மற்ற கேள்விகளுக்காவது ஆங்கிலம் வேண்டுமே என்பீர்கள். வினாத்தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மொத்தம் 100. தேர்ச்சிக்கு 35. இதில் ஆங்கிலம் தெரியாமலே எழுதக்கூடியவற்றை மட்டும் கூட்டுவோம். மனப்பாடச் செய்யுள் 5. இது கட்டாயக் கேள்வி, அடித்துப் போட்டாலும் வரும். கடிதம் 5, அனுப்புநர், பெறுநர், ஐயா, நன்றி, இப்படிக்கு என்று சட்டகம் போட்டால் பாதி வேலை முடிந்தது. விளம்பரம் 5, கட்டம் போடு, நடுவில் பெரிதாகத் தலைப்பு எழுது, தள்ளுபடி என்று சேர். அறிவிப்பு 5, அதற்கும் கட்டம். படம் பார்த்து ஐந்து வாக்கியம் 5. துணைப்பாடத்துக் கேள்வி 5. கொடுத்த வாக்கியங்களைக் கதை வரிசையில் அடுக்கினால் போதும், கதையோ தமிழில் சொல்லப்பட்டுவிட்டது. வழிகாட்டும் வரைபடம் 2. கடைசியில் வரும் காம்ப்ரிஹென்ஷன், மிளவன் முறையில், 8. கூட்டிப் பாருங்கள். நாற்பது. தேர்ச்சிக்கு வேண்டியதைவிட ஐந்து அதிகம். அந்த ஐந்தைத் திருத்துகிறவர் கருணைக்குறைவாக இருந்தால் கழித்துக்கொள்ளட்டும்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். வினாத்தாளில் ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்து உன் கருத்தை ஐந்து வாக்கியத்தில் எழுது என்பார்கள். பார், யோசி, சொந்தமாக எழுது. அருமையான கேள்வி. குறை சொல்லவே முடியாது. அதற்கு நம் பிள்ளைகள் எழுதும் விடை ஊருக்கு ஊர் ஒன்றுதான்: "திஸ் இஸ் எ குட் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர். இட் இஸ் எ கலர்ஃபுல் பிக்சர். இட் கிவ்ஸ் எ குட் மெசேஜ். திஸ் பிக்சர் இஸ் யூஸ்ஃபுல் டு அஸ்." படத்தில் மரம் நடலாம், விபத்து நடக்கலாம், வெள்ளத்தில் வீடு போகலாம், ஒருவன் பிச்சை எடுக்கலாம். எல்லாம் குட் பிக்சர். எல்லாம் ஐ லைக். வினாத்தாள் கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது. பிள்ளை கலர்ஃபுல் என்று எழுதுகிறது. ஆசிரியர் டிக் அடிக்கிறார். இரண்டு பேர் கண்ணிலும் படம் படவில்லை.

இதைச் சொன்னால் ஆசிரியர் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். "எதுவும் எழுதாம வெள்ளைத் தாளைக் கொடுத்துட்டுப் போறதுக்கு இது பரவாயில்லையே சார்" என்கிறார்கள். நியாயம்தான். கண் தெரியாதவன் கையில் தடி கொடுத்திருக்கிறோம். கண்ணைப் பறித்தது யார் என்பதுதான் பாக்கி.

வரைபடக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். அதற்கு முன் ஒரு முன்கதை: 1950களின் கடைசியில் மதராஸ் மாநிலத்தில் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, அந்தப் பலர் ஊருக்கெல்லாம் தருவது. அதற்கு 'மதராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனியே விழாத ஊரில் பனிப்பந்து. உருட்டினார்கள். பள்ளிக்கூட வாசலை எட்டுவதற்குள் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சித்திரை வெயிலில் நின்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அது போகட்டும். வரைபடத்துக்கு வருவோம். 1979இல் என்.எஸ்.பிரபு என்று ஒருவர் வந்தார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். இலக்கண வாய்ப்பாட்டை நெட்டுருப் போடவைத்தால் மொழி வராது, புரிந்துகொண்டு செய்யும்படி ஒரு வேலையைக் கொடுத்தால் மொழி தானே வரும் என்றார். பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாண்டு நடத்திக் காட்டினார். ரயில் கால அட்டவணையைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். எந்த ரயிலைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம், கண்டுபிடி. ஊர் வரைபடத்தைக் கொடுத்தார். இங்கிருந்து அங்கே போக வழி சொல். பிள்ளை யோசித்தே ஆக வேண்டும். 1987இல் அதைப் புத்தகமாக எழுதினார். உலகமெங்கும் மொழி கற்பிக்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். இன்று டாஸ்க் பேஸ்டு என்று வெளிநாட்டிலிருந்து கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறதே, அந்தச் சரக்கு இங்கிருந்து போனது.

அதே வரைபடம் நம் வினாத்தாளில் 2 மதிப்பெண்ணுக்கு இருக்கிறது. அதற்கான விடையும் இருக்கிறது. "கோ ஸ்ட்ரெய்ட். டர்ன் லெஃப்ட். தென் டர்ன் ரைட். யூ வில் ஃபைண்ட் தி பிளேஸ்." எந்த ஊர் வரைபடமானாலும் இதுவே வழி. இந்த வழியில் போனால் பேருந்து நிலையமும் வரும், மருத்துவமனையும் வரும், தேர்ச்சியும் வரும். பிரபு ஐந்தாண்டு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை நான்கு வாக்கியத்தில் சமாதி கட்டிவிட்டோம். அதற்கும் ஒரு கைடு போட்டுவிட்டோம்.

கைடு. தமிழ்நாட்டின் உண்மையான பாடத்திட்டம். அரசு ஒரு பாடநூல் போடுகிறது. வல்லுநர் குழு கூடி, கதை தேர்ந்து, படம் வரைந்து, வழவழ தாளில் அச்சிட்டு, இலவசமாகவும் கொடுக்கிறது. அதைப் பிள்ளை பையிலேயே வைத்திருக்கிறது. படிப்பது கைடை. கைடில் ஒவ்வொரு கேள்விக்கும் விடை உண்டு. ஒரே கேள்விக்கு நன்றாகப் படிப்பவனுக்கு ஒரு விடை, மெல்லக் கற்பவனுக்கு ஒரு விடை. மெல்லக் கற்பவனுக்கு ஆறு வரி. அந்த ஆறு வரிக்கும் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைத்துப் படிக்கிறவர்கள் உண்டு. மெல்லக் கற்போர் என்பதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அது துறையின் சொல். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தராமல் பத்தாம் வகுப்புவரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, பிள்ளைக்கு வைத்த பெயர் அது. மெல்லக் கற்பித்தோர் என்று ஒரு பட்டியல் ஏன் இல்லை?

பத்தாம் வகுப்புப் பாடநூலில் 'தி லாஸ்ட் லெசன்' என்று ஒரு பாடம். பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் தோதே எழுதியது. போரில் தோற்ற அல்சேஸ் பகுதியில் நாளை முதல் பிரெஞ்சு கிடையாது, ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வருகிறது. கடைசி வகுப்பு. கிழவர்கள்கூட வந்து பெஞ்சில் உட்காருகிறார்கள். படிப்பை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டோமே, பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினோமே, பாடம் நடத்தாமல் என் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேனே என்று ஆசிரியரே தன் குற்றத்தையும் சேர்த்துச் சொல்கிறார். நெஞ்சை அடைக்கிற கதை. எவ்வளவு பொருத்தமான கதை என்று தேர்வுக் குழுவைப் பாராட்டத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கிறார்கள்? கைடில் உள்ள ஒரு பத்தியை, எங்கே முற்றுப்புள்ளி என்பதுகூடத் தெரியாமல், உருப்போட்டு 5 மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒரு மொழியை ஒழுங்காகப் படிக்காமல் விட்டதற்காக ஓர் ஊரே அழுகிற கதையை, ஒரு மொழியை ஒழுங்காகப் படிக்காமல் மனப்பாடம் செய்கிறார்கள். தோதே பிழைத்திருந்தால் இன்னொரு கதை எழுதியிருப்பார்.

யார் மீது பழி? ஆசிரியர் மீது போடுவது சுலபம். அவர் பாட்டைப் பாருங்கள். ஏழு உரைநடை, ஏழு செய்யுள், ஏழு துணைப்பாடம். எதிரே ஒரு பெருங்கூட்டம். அதில் பாதிக்கு ஆங்கில வரியை வாசிக்க வராது, சிலருக்குத் தமிழே திணறும். இவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தர அவருக்கு ஓராண்டு வேண்டும், சிறு சிறு கதைப்புத்தகம் வேண்டும், தப்பாகப் படித்தாலும் சிரிக்காத ஒரு வகுப்பு வேண்டும். கிடைப்பது என்ன? மீளாய்வுக் கூட்டம். "உங்க சப்ஜெக்ட்ல எத்தனை பேர் ஃபெயில்? ஏன் ஃபெயில்? எழுத்துப்பூர்வமா விளக்கம் கொடுங்க." அந்த அறையில் இதுவரை யாராவது, "உங்க பிள்ளைகள்ல எத்தனை பேருக்கு ஒரு பக்கம் படிச்சாப் புரியும்?" என்று கேட்டதாக ஓர் ஆசிரியர் சொன்னால் அவருக்கு என் செலவில் மாலை. கேட்காத கேள்விக்கு யார் விடை தேடுவார்கள்? ப்ளூபிரிண்டைப் பார்த்தோமா, மினிமம் மெட்டீரியலை ஜெராக்ஸ் போட்டோமா, பிள்ளையை அந்தக் கரையில் இறக்கிவிட்டோமா. விஷயம் முடிந்தது.

பள்ளி நூலகம் என்று ஒன்று உண்டே? உண்டு. தலைமையாசிரியர் அறையில், கண்ணாடி பீரோவுக்குள், பூட்டோடு. ஒரு புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் கேள்வி வரும், பொறுப்பாளர் கையிலிருந்து கட்ட வேண்டும். எனவே புத்தகங்கள் பத்திரம். நாற்பது ஆண்டுப் புத்தகம்கூடப் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. கரையானுக்கு மட்டும் அனுமதி உண்டு.

அடித்தளத்தை நோக்கி இறங்கினால் இன்னும் வயிறு எரியும். 2022இல் ஏசர் என்கிற கல்விநிலை அறிக்கைக்காக ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு சிறு பத்தியை நீட்டினார்கள். இரண்டாம் வகுப்புத் தரத்துப் பத்தி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். ஆங்கிலப் பத்தி இல்லை ஐயா, சொந்த மொழியில். கொரோனா என்றார்கள். உண்மைதான், பள்ளிகள் மூடிக் கிடந்தன. கொரோனா என்ற பெயரையே யாரும் கேட்டிராத 2018இல் எவ்வளவு? பத்துக்குக் கொஞ்சம் மேலே. தமிழ் வரியில் தடுக்கி விழுகிற பிள்ளை ஏழே ஆண்டில் ஆங்கிலத்தில் 99.46இல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இதற்குத் துறையில் சாதனை என்று பெயர்.

இதற்கிடையில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு. ஏழைப் பிள்ளையும் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்றார்கள். யார் மறுப்பது? பணக்காரன் பிள்ளைக்குக் கிடைப்பது இவனுக்கும் கிடைக்க வேண்டும். கிடைத்ததா? அறிவியலும் சமூக அறிவியலும் ஆங்கிலத்தில் அச்சாகி வந்தன. ஆங்கிலம் மட்டும் வரவில்லை. முன்பு ஒரு பாடத்தைத்தான் புரியாமல் மனப்பாடம் செய்தான். இப்போது தமிழைத் தவிர எல்லாவற்றையும்.

மாநிலப் பாடத்திட்டம்தான் இப்படி, சி.பி.எஸ்.இ. அப்படியில்லை என்று மூக்கை உயர்த்துகிற பெற்றோர்களுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன். அங்கே பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 20 வாசிப்புக்கே. பாடநூலில் இல்லாத பத்திகள். ஒன்று நானூறு சொல்லுக்கு மேல், இன்னொன்று புள்ளிவிவரத்தோடு. கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. கடைக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளை முன்பின் பார்த்திராத பத்திகள், விடைகளோடு, கட்டுக் கட்டாக விற்பனைக்கு.

2021 டிசம்பர் 11 அன்று அந்த வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு நடந்தது. வாசிப்புப் பகுதியில் ஒரு பத்தி. மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டு நடந்த காலத்தில் பிள்ளைகளும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள், பெண்ணுக்குச் சுதந்திரம் வந்ததும் வீட்டில் பெற்றோர் அதிகாரம் போயிற்று என்கிற தினுசில் உபதேசம். அதிலிருந்து கேள்விகள். பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து அதற்கு விடை குறித்தார்கள். இரண்டு நாள் கழித்து சோனியா காந்தி இதை மக்களவையில் எழுப்பினார். வாரியம் பத்தியை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவித்தது.

நிதானமாக யோசியுங்கள். அந்தப் பத்தியை ஒருவர் தேர்ந்தெடுத்தார். ஒருவர் கேள்வி எழுதினார். சரிபார்க்க ஆள் இருந்திருப்பார்கள், அச்சுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டவர் இருந்திருப்பார். அத்தனை கைகள் வழியாகப் போன பத்தி என்ன சொல்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அல்லது உறைத்து, சரிதானே என்று தோன்றியிருக்கிறது. எது மேல் என்று தீர்மானிக்க எனக்குத் துணிவில்லை. வாசிப்புத் தேர்வில் தோற்றது கேள்வித்தாள் தயாரித்த குழு. முழு மதிப்பெண் மட்டும் மாணவர்களுக்கு.

புரியாமல் தேறியவன் கணக்கு எங்கே தீர்கிறது? பொறியியல் கல்லூரி முதல் ஆண்டில் தீர்கிறது. புத்தகம் ஆங்கிலம், பாடம் ஆங்கிலம், அவன் நான்காவது வரிசையில் உட்கார்ந்து வாயைப் பார்க்கிறான். பன்னிரண்டாம் வகுப்பில் பெரிய மதிப்பெண் வாங்கியவன், முதல் செமஸ்டரில் அரியர் வைக்கிறான். தனக்கு மூளை இல்லை என்று நம்பத் தொடங்குகிறான். மூளைக்கு ஒன்றும் இல்லை, அவனுக்குக் கொடுத்த சான்றிதழ்தான் பொய். பிறகு முப்பது நாளில் ஆங்கிலம் என்று பலகை மாட்டிய மாடியறைக்குப் போகிறான். பத்து ஆண்டு அரசு தர முடியாததை முப்பது நாளில் தருகிற மகான்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அப்பன் அடகு வைத்த நகை அங்கே போகிறது. கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலம். கையெழுத்துப் போடுமிடத்தில் பெருக்கல் குறி. கோ ஸ்ட்ரெய்ட். டர்ன் லெஃப்ட்.

இவை எல்லாம் பிரமை, நம் பிள்ளைகளுக்கு வாசித்தால் புரிகிறது என்று வாதிடுகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. பிசா என்று ஒரு தேர்வு. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடப்பது. மனப்பாடத்துக்கு அதில் வேலையில்லை. ஒரு மருந்துச் சீட்டு, ஓர் அறிவிப்பு, ஒரு வாதம்: படி, என்ன புரிந்தது சொல். இந்தியா சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. நம்பி அனுப்பப்பட்ட மாநிலங்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள், பகுதிகள். வாசிப்பில் தமிழ்நாட்டுக்குக் கீழே இருந்தவர்கள் இரண்டே பேர்: இமாச்சலம், கிர்கிஸ்தான். வாழ்க்கைக்கு வேண்டிய அடிப்படை வாசிப்புத் திறன் இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 17 சதவீதம். வளர்ந்த நாடுகளின் சராசரி 81.

ஒரு மானமுள்ள அரசு அன்று ராத்திரி தூங்கியிருக்காது. நம் அரசுகள் காரணம் கண்டுபிடித்தன. கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லையாம். கிர்கிஸ்தான் சூழலுக்கும் பொருந்தாமல்தான் இருந்திருக்கும், அவர்களும் நமக்குத் துணையாகக் கடைசியில் நின்றார்கள். அடுத்து 2012இல் தேர்வு வந்தது. இந்தியா போகவில்லை. 2015, 2018, 2022. போகவில்லை. காய்ச்சல் அளந்து காட்டிய கருவியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, நோயாளிக்கு 99.46 என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தத் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கின்றன.

தேர்வுகள் இயக்ககத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒரே ஓர் ஆண்டு, எந்தக் கைடிலும் இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். சொல்லைத் தேடி வரியைப் பெயர்த்து எழுத முடியாத நான்கு கேள்வி கேளுங்கள். இவன் ஏன் பொய் சொன்னான்? இதை எழுதியவர் எதை மறைக்கிறார்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? விடை தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் இருக்கட்டும், புரிந்திருந்தால் மதிப்பெண் போடுங்கள். தேர்ச்சி 99இலிருந்து 40க்கு இறங்கும். இறங்கட்டும். அந்த 40ஐ ஒலிபெருக்கி முன்னால் நின்று அறிவிக்கிற கல்வி அமைச்சர், எந்தக் கட்சியானாலும், அவருக்குக் கட் அவுட் வைக்க நானே வசூலுக்கு வருகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து வாசிக்கச் சொல்லித்தர வேண்டும் என்ற ஞானம் அந்த 40இல்தான் பிறக்கும். 99.46 மலடுதான்.

அது நடக்கும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். உங்கள் வீட்டுப் பிள்ளை மே மாதம் ஆங்கிலத்தில் 90 வாங்கினால் சந்தோஷமாக ஒரு டப்பா இனிப்பு வாங்கி வாருங்கள். எல்லோருக்கும் கொடுங்கள். பிறகு டப்பாவைத் திருப்பி, பின்புறம் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள். வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருவார்களே, அவர்களிடம் நீட்டுங்கள்.